ஸ்டெல்லா வைத்த இரண்டு பொட்டு

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் மீனுக்கு நின்றிருந்தபோது ஸ்டெல்லாவின் கணவர் அழைத்தார். "அண்ணே, ஸ்டெல்லா போயிட்டா" என்றார். காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. மீன் வாங்காமலே தோ பாயோ வீட்டுக்குத் திரும்பினேன்.

ஆய்வுக்கூடத்தில் கிருமிகளை அடையாளம் காணும் மேசையில் நானும் ஸ்டெல்லாவும் பல வருடம் பக்கத்துப் பக்கத்தில் இருந்தோம். கூட வேலை செய்தவர்களுக்கு இது தெரியும். இதைப் படிக்கும் அவருடைய மாதா கோயில் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். நோயாளியின் இரத்தத்திலிருந்து வளர்த்த கிருமியை எஃகுத் தகட்டில் பொட்டளவு தடவி, மேலே ஒரு கரைசல் விடுவோம். அது காய்ந்து படிகமாகும். வெற்றிடத்துக்குள் அதன்மேல் லேசர் விழும். நேராக அடித்தால் புரதம் சிதைந்துவிடும். படிகம் அந்த அடியைத் தான் வாங்கிக்கொண்டு, ஆவியாகி, புரதத்தை முழுசாகக் கிளப்பி மின்னூட்டமும் கொடுக்கும். பிறகு நீண்ட குழாயில் ஓட்டம். எடை குறைந்தது முதலில் வந்து சேரும். சேரும் நேரங்களை வைத்துக் கணினி கிருமியின் பெயரைச் சொல்லும்.

காய்ந்தபின் எல்லாப் பொட்டும் ஒரே வெள்ளை. இடம் மாறித் தடவியிருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. ஸ்டெல்லாவுக்கு அதுதான் பயம். ஒவ்வொரு கிருமியையும் தள்ளித் தள்ளி இரண்டு இடத்தில் தடவுவார். பயந்தாங்கொள்ளி என்று கிண்டல் செய்வேன். "பயம் இல்லாதவங்க பிளேட்ட தொடவே கூடாதுண்ணே" என்பார்.

ஒருமுறை, பிறந்த குழந்தை ஒன்றின் இரண்டு பொட்டுகளும் வெவ்வேறு பெயர் சொல்லின. ஒன்று தோலில் இருக்கும் சாதாரணக் கிருமி. அதை நம்பினால், இரத்தத்தில் நோய் இல்லை என்று மருந்தை நிறுத்திவிடுவார்கள். தொலைபேசியில் டாக்டர் அவசரப்படுத்தினார். "என் கை தப்பு டாக்டர். பக்கத்து சாம்பிள இதுல தடவிட்டேன் போல. மறுபடி ரன் பண்றேன், வெயிட் பண்ணுங்க" என்றார் ஸ்டெல்லா. மறுபடி ஓட்டியதில், மற்றதுதான் சரியான பெயர் என்று தெரிந்தது. மருந்து தொடர்ந்தது, குழந்தை பிழைத்தது.

ஸ்டெல்லா மருத்துவமனையில் சேர்ந்த மறுநாள் வந்த ஓர் இரத்தக் குப்பியில் அவர் பெயர் இருந்தது. அதில் வளர்ந்ததை நானே தடவினேன், இரண்டு இடத்தில். லேசர் ஓடும்போது, இரண்டும் ஒத்துப்போகக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். இரண்டும் ஒரே பெயரைச் சொல்லின. பொல்லாத கிருமி. வார்டுக்குத் தகவல் சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் ஸ்டெல்லாவே அழைத்தார். "அண்ணே, என்ன வந்துச்சு?"

நோயாளியிடம் நாங்கள் முடிவைச் சொல்லக் கூடாது. "டாக்டர் வந்து சொல்வாரும்மா" என்றேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. "சரி லா. நீங்க பயப்படாதீங்கண்ணே."

இத்தனை வருடத்தில் அவர் யாரிடமும் பயப்படாதே என்று சொல்லி நான் கேட்டதில்லை. அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த ஒரு வார்த்தைதான். நாளைக் காலை அந்தத் தகட்டின் முன்னால் தனியாக உட்கார வேண்டும். ரொம்பப் பயமாக இருக்கிறது, ஸ்டெல்லா.