அப்பாவின் கண்ணும் அக்கா ஏற்ற பழியும்

எங்கள் அக்கா இறைவனிடம் சென்று ஓராண்டு ஆகிறது. நினைவுத் திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்கள், அக்காவுடன் வேலை பார்த்தவர்கள், அக்காவிடம் கண்ணுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்ட படைவீரர்கள், அவர்களுடைய குடும்பத்தார் அனைவருக்கும் வணக்கம். நான் விவசாயி. மேடையில் பேசவும் தெரியாது, எழுதவும் பழக்கமில்லை. ஆனாலும் இந்தக் கட்டுரையை நான்தான் எழுத வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். ஏன் என்பது படித்து வரும்போது தெரியும்.

அக்கா பிறந்தது ஆத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் கிராமத்தில். அப்பா அப்போது ராணுவத்தில் இருந்தார். விடுப்பில் வந்து மகளை அவர் முதன்முதலில் பார்த்தபோது அக்காவுக்குப் பத்து மாதம். எனக்கும் அக்காவுக்கும் ஒன்பது வயது வித்தியாசம். எனக்கு மூன்று வயதாக இருக்கும்போது அம்மா மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். அப்பா ஹவில்தாராக ஓய்வு பெற்று ஊருக்கே வந்துவிட்டார். காலையில் சோறு வடித்து, எனக்குத் தலை சீவி, வயலுக்குப் போகும் அப்பாவுக்குத் தூக்குவாளியில் போட்டுக் கொடுத்துவிட்டு, அக்கா பள்ளிக்கூடத்துக்குத் திண்டுக்கல் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார். பஸ்ஸில் நின்றுகொண்டேதான் படிப்பு. அப்படிப் படித்துத்தான் மருத்துவக் கல்லூரியில் இடம் வாங்கினார்.

ஏன் கண் மருத்துவம் என்று பலர் அக்காவிடம் கேட்டிருக்கிறார்கள். மேற்படிப்புக்கு அந்த இடம்தான் கிடைத்தது என்று சொல்லிச் சிரிப்பார். படிக்கும் காலத்தில் முதன்முதலாக ஒரு பெரியவருக்குக் கண்புரை எடுத்தாராம். மறுநாள் கட்டைப் பிரித்ததும் அந்தப் பெரியவர் சுவரில் இருந்த பல்லியைக் காட்டி, "இது எப்ப வந்துச்சு?" என்று கேட்டாராம். அதற்குப் பிறகு வேறு துறைக்குப் போகவே தோன்றவில்லை என்பார்.

படிப்பு முடிந்து சில வருடங்களில், திண்டுக்கல்லில் முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவமனையில் கண் அறுவை மருத்துவராகச் சேர்ந்தார். கடைசி வரை அங்கேதான். திருமணப் பேச்சு இரண்டு மூன்று முறை வந்தது. எதுவும் கூடி வரவில்லை. டவுனிலேயே சின்ன வீடு எடுத்துத் தனியாக இருந்தார்.

அறுவை உள்ள நாட்களில் அக்கா காபி குடிக்க மாட்டார், கனமான எதையும் தூக்க மாட்டார். வரிசையில் உட்கார்ந்திருக்கும் வயதானவர்களைப் பெயர் மட்டும் சொல்லிக் கூப்பிட மாட்டார். சுபேதார், நாயக், ஹவில்தார் என்று அவரவர் பதவியைச் சேர்த்தே கூப்பிடுவார். கூப்பிட்டதும் அவர்கள் முதுகு நிமிரும் என்பார். கண்ணிவெடியில் பார்வை போன ஒருவர், இன்னும் ஒரு ஆபரேஷன் செய்தால் தெரியுமா என்று வருடா வருடம் வந்து கேட்பார். "இல்லைங்கய்யா, இது வராது" என்று வருடா வருடம் அக்காதான் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, அவராக எழுந்து போகும்வரை தானும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். வெளியே எத்தனை பேர் காத்திருந்தாலும் அப்படித்தான். இதை அவருடன் வேலை பார்த்த நர்சம்மா என்னிடம் சொன்னார்.

இனிமேல் எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டமானது.

அப்பாவுக்குக் கண் போனது உங்கள் எல்லோருக்கும் தெரியும். எப்படிப் போனது என்பது அக்காவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

அப்பா என்னோடுதான் கிராமத்தில் இருந்தார். எழுபது வயதைத் தாண்டிய பிறகு நடையில் ஒரு தடுமாற்றம் வந்தது. வரப்பில் நடந்தால் ஓரத்தில் கால் வைத்துச் சறுக்குவார். நிலைக்கதவில் தோளை இடித்துக்கொள்வார். பக்கத்தில் யாராவது வந்து நின்றால் பேசினால்தான் தெரியும். நேராக இருப்பது மட்டும் தெரிந்தது. ஒருநாள் நான் கேட்டேன்.

"என்னப்பா, கண்ணு சரியாத் தெரியலையா?"

"வயசானா மங்கத்தான்டா செய்யும். அக்காட்ட சொல்லிப்புடாத. அவளுக்கே அங்க நிக்க நேரமில்ல. அம்புட்டுப் பேரும் அவளத்தான் தேடி வாரான்."

நான் சரி என்றேன். அப்பா சொன்னதற்காக மட்டும் சரி என்று சொல்லவில்லை. அப்போது தக்காளி காய்ப்பில் இருந்தது. அவரை மருத்துவமனையில் சேர்த்தால் நான் கூட இருக்க வேண்டும். பறிப்பு முடியட்டும் என்று நினைத்தேன். அது முடிந்ததும் அடுத்த வெள்ளாமை வந்தது. இப்படியே ஒரு வருடம் ஓடியது.

மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அக்கா ஊருக்கு வருவார். அப்பா தன் கட்டிலை விட்டு எழுந்திருக்காமல், சிரித்த முகமாக நேராகப் பார்த்துப் பேசிச் சமாளித்துவிடுவார். அக்காவும் வந்தவுடன் துணி துவைக்க, சமைக்க என்று நின்றுவிடுவார். ஒரு ஞாயிறு, கோவிலிலிருந்து வந்து மீன் குழம்பு வைத்து, அவரே அப்பாவுக்குப் பரிமாறினார். தட்டின் இடது ஓரத்தில் கத்தரிக்காய்ப் பொரியல் வைத்திருந்தார். அப்பா சோற்றை மட்டும் பிசைந்து சாப்பிட்டார்.

"வெஞ்சனம் ஒண்ணும் வைக்கலயா தாயி?" என்று கேட்டார்.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு அப்பா எதிரில் உட்கார்ந்து, ஒரு விரலை அவர் காதுப் பக்கத்திலிருந்து மெல்ல முன்னால் கொண்டுவந்தார். "விரல் தெரியுதாப்பா?" "இல்லையே." இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். "இப்ப?" மூக்குக்கு நேராக வந்த பிறகுதான், "ம், தெரியுது" என்றார் அப்பா. சாப்பாட்டை முடிக்கவிடாமல் அக்கா அவர் கையைக் கழுவிவிட்டு வாடகைக் காரில் ஏற்றினார்.

கண்ணுக்குள் அழுத்தம் கூடி, நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகடிக்கும் நோய். வலிக்காது. முன்கூட்டியே கண்டுபிடித்தால் சொட்டு மருந்திலேயே நிறுத்தலாம். அப்பாவுக்கு ஒரு கண் முழுதும் போயிருந்தது, இன்னொன்றில் நடுவில் ஒரு சின்ன வட்டம் பாக்கி. தினமும் அக்கா தேடிப் பிடித்து வைத்தியம் பார்க்கும் அதே நோய்.

மருத்துவமனை நடையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, உனக்குத் தெரியுமாடா?"

"தெரியும்க்கா."

"எம்புட்டு நாளா?"

"ஒரு வருஷமா."

அக்கா திட்டவில்லை, அழவும் இல்லை. இதைத்தான் சொன்னார்: "வேற யார்ட்டயும் சொல்லாத. நீ அந்த ஊர்ல இருந்தாகணும், அப்பாவ வச்சுப் பாக்கணும். என்னைப் பேசுனா பேசட்டும். நான் ஊருக்கு வந்தாலும் சாயந்திரம் பஸ் ஏறிப் போயிருவேன்."

பேசினார்கள். ஒரு கல்யாணப் பந்தியில் உறவினர் ஒருவர் எல்லோரும் கேட்கச் சொன்னார்: "ஊரான் கண்ணெல்லாம் பாக்குறா. பெத்த அப்பன் குருடானது அவ கண்ணுக்குத் தெரியல." அவர் பெயரை எழுதவில்லை. அன்று அங்கே இருந்த பலருக்கு நினைவிருக்கும். அக்கா இலையிலிருந்து தலையைத் தூக்கி, "ஆமா மாமா, நான் பாத்திருக்கணும்" என்றார். நான் இரண்டு இலை தள்ளி உட்கார்ந்திருந்தேன். குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

தன் தப்புதான் என்று அக்காவே நம்பித்தான் அப்படிச் சொன்னார். அதுதான் எனக்கு இன்றும் தாங்கவில்லை. நான் மறைத்தேன் என்பதை ஒரு சாக்காக அவர் எடுத்துக்கொள்ளவே இல்லை. அன்றிலிருந்து, நோயாளிக்குத் துணையாக வருகிறவர்களையும் விடமாட்டார். "கூட வந்தவங்களும் உக்காருங்க" என்று அண்ணன், தம்பி, மருமகன் யாராக இருந்தாலும் கண்ணின் அழுத்தத்தைப் பார்ப்பார். வேடசந்தூர்ப் பக்கம் மில்லில் வேலை பார்த்த ஒருவர், மாமனாரை அழைத்து வந்த இடத்தில் அப்படித்தான் தப்பித்தார். இதனால் அக்காவின் மதியச் சாப்பாடு நாலு மணிக்குத் தள்ளிப்போனது. நர்சம்மா சொல்லிப் பார்த்தும் கேட்கவில்லை.

அப்பாவுக்குப் பாக்கி இருந்த வட்டமும் மூன்றாம் வருடம் மூடிவிட்டது. கடைசிக் காலத்தில் அக்கா வந்தால் முகத்தைத் தடவித்தான் பார்ப்பார். "மெலிஞ்சு போயிட்ட தாயி" என்பார். அப்பா இறந்த பிறகு அக்கா நிஜமாகவே மெலிய ஆரம்பித்தார். வேலை என்று தள்ளிப்போட்டு, கடைசியில் பரிசோதித்ததில், ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. தெரிந்த அன்றே அறுவைப் பட்டியலில் இருந்தவர்களை வேறு மருத்துவரிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். எட்டு மாதம் இருந்தார்.

எத்தனையோ குடும்பங்களிடம் கண் தானம் கேட்டவர் அவர். படுக்கையில் ஒருநாள் சொன்னார்: "என் கண்ணை யாருக்கும் வைக்க முடியாதுடா. இந்த நோய் வந்தவங்ககிட்ட எடுக்க மாட்டாங்க." அதைச் சொன்னபோது மட்டும்தான் அக்கா அழுது நான் பார்த்தேன்.

மற்றொரு நாள் நான் கேட்டேன்: "அக்கா, அப்பா விஷயத்தை எல்லார்ட்டயும் சொல்லிறவா?"

"இப்ப எதுக்குடா? அப்பாவே இல்ல." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார். "உனக்குச் சொல்லணும்னு இருந்தாச் சொல்லு. எனக்காகச் சொல்லாத."

பத்து நாளில் போய்விட்டார். எனக்குச் சொல்ல வேண்டும் என்று இருந்தது. சொல்ல ஒரு வருடம் ஆகியிருக்கிறது. அப்பாவுக்குச் செய்ததையே மறுபடியும் செய்திருக்கிறேன் என்று என் மனைவிதான் சொன்னார்.

எட்டு மாதமும் ரத்தம் கொடுத்த படைவீரர்களின் பிள்ளைகள், முறை போட்டுக்கொண்டு கூட இருந்த நர்சம்மா, அக்காவின் நோயாளிகளை ஏற்றுக்கொண்ட மருத்துவர், நற்கருணை கொண்டுவந்த பங்குத் தந்தை, ஆயக்குடியிலிருந்து அடக்கத்துக்கு வந்து, கண்ணிவெடியில் பார்வை போயிருந்தும் பெட்டிக்குத் தோள் கொடுத்த அந்தப் பெரியவர், எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அக்காவைப் பேசிய சொந்தங்களிடம் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். திருப்பலி முடிந்து கல்லறைக்குப் போகிறோம். அக்காவிடம் மன்னிப்புக் கேட்க நினைக்கிறவர்கள் அங்கே கேட்டுக்கொள்ளலாம். முதலில் நான் கேட்க வேண்டும். எனக்குப் பின்னால் வாருங்கள்.

— தம்பி