வேலிக்கு அந்தப் பக்கத்துக் கோரை

எனக்குக் கோரையைக் கண்டால் ஆகாது. போன மாதம் செனாயில் என் வீட்டு வாசலுக்கு ஒரு ரோஜாத் தொட்டி வாங்கி வந்தேன். ரோஜா இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது. அதற்குள் மண்ணைப் பிளந்துகொண்டு நாலைந்து கோரை எழுந்து நின்றன. பிடுங்கினேன். அடியில் கறுப்பாகக் கிழங்கு. நகத்தால் கீறியதும் அந்த வாசனை வந்தது, பாதி தைலம், பாதி மண். குளியல் பொடியில்கூடச் சேர்ப்பார்களாம். உங்களுக்குப் பிடிக்கலாம். எனக்கு அது சண்டை வாசனை.

அப்பா யோங் பெங் பக்கத்துத் தோட்டத்தில் களைக்கு மருந்து அடித்தவர். முதுகில் மருந்துத் தொட்டியோடு அடுத்த நிரையில் நடந்தவர் அந்தோணி மாமா. இருவரும் ஒரே லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்தவர்கள். மற்ற விஷயங்களில் எப்படியோ, கோரையை இனம் பிரிப்பதில் இருவரையும் அசைக்க முடியாது. தண்டை விரலிடையில் உருட்டிப் பார்ப்பார்கள். உருண்டால் புல். உருளாமல் மூன்று பட்டையாக முரண்டு பிடித்தால் கோரை. அதிலும் வெள்ளைத் தலைக் கோரை சாது. நிழலும் ஈரமும் உள்ள வழியோரத்தில் சட்டைப் பொத்தான் மாதிரி ஒரு பூ வைத்துக்கொண்டு இருக்கும். சதுப்பு ஓரத்து வாள் கோரை கால்சட்டைக்குள்ளும் வந்து தோலை அறுக்கும். கிழங்குக் கோரைதான் எமன். மலாய்க்காரர்கள் அதைத் தெக்கி என்பார்கள். மேலே கருகினாலும் கீழே கிழங்கும் வேருமாகச் சங்கிலி கோத்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும்.

"தெக்கி காட்டுல இருக்காது. மனுசன் எங்க மண்ண தூக்கிட்டுப் போறானோ, அங்கதான் அதுவும் போவும்" என்பார் அப்பா. சொன்னவருக்கே அது மறந்துபோனதுதான் இந்தக் கதை.

தோட்டத்தை முதலாளி விற்றதும் இரண்டு குடும்பங்களும் தம்போயில் பக்கத்துப் பக்கத்து வீடாகப் பார்த்து வாங்கின. நடுவில் கம்பி வேலி மட்டும். அப்பா தோட்டத்திலிருந்து ஒரு பால் டின்னில், மண்ணோடு, கறிவேப்பிலைக் கன்று ஒன்றைக் கொண்டுவந்து வேலியோரம் நட்டார். அது கூரை உயரம் வளர்ந்தது. அந்தோணி மாமாவின் மனைவி மரியா அத்தை கேட்காமலே கை நீட்டி ஒடித்துக்கொள்வார். கேட்டால்தான் அம்மாவுக்குக் கோபம் வரும்.

நான் செனாயில் தொழிற்சாலை வேலைக்குப் போகத் தொடங்கிய வருஷம், இரண்டு வீட்டுப் புல்தரையிலும் கோரை தலைகாட்டியது. வேலை முடிந்து வந்தால் வாசலிலேயே சத்தம் கேட்கும்.

"உன் பக்கத்துல இருந்துதான் வருது அந்தோணி. எங்களுது வெள்ளத் தல, ஒன்னும் பண்ணாது."

"வெள்ளத் தல உனக்குத்தான்டா. கீழ இருக்கிறது தெக்கி லா. கண்ணு தெரியலயா?"

முதலில் இருவரும் சிரித்துக்கொண்டுதான் சண்டை போட்டார்கள். பிறகு சிரிப்பு நின்றது. வீட்டில் அப்பா சாப்பாட்டுத் தட்டின் முன்னாலும் அதையே பேசினார். நானும் சும்மா இல்லை. மரியா அத்தையைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கோரைக்காக முகம் திருப்பிய குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்திலிருந்து வெள்ளைச் சட்டையோடு வந்து இறங்கிய மாமாவை அப்பா வழிமறித்தார். கையில் மண்வெட்டி. "சங்கிலியப் புடிச்சிட்டே போவோம். எங்க போய் முடியுதோ, அங்கதான் அது பொறந்துச்சு."

"தோண்டு" என்றார் மாமா.

அப்பா மாமாவின் புல்தரையில் ஆரம்பித்தார். எதிர்வீட்டு மலாய்ப் பெரியவர் கார் கழுவுவதை நிறுத்திவிட்டு வந்து நின்றார். சிறிய, வெளுத்த கிழங்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. போகப்போகப் பருத்தன, கறுத்தன. வேலிக்குக் கீழே நுழைந்தன. எங்கள் பக்கம் வந்து, முற்றிப்போன பழைய கிழங்குக் கொத்தாக, கறிவேப்பிலை மரத்தின் தூரில் முடிந்தன. பால் டின்னில் வந்த மண்.

மாமா சிரித்திருந்தால் தப்பித்திருப்போம். அப்பா திட்டியிருப்பார், மாமாவும் திட்டியிருப்பார், சாயங்காலம் தேநீரோடு முடிந்திருக்கும். அவர் சிரிக்கவில்லை. மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"நம்ம தோட்டத்து மண்ணுடா இது. போவுது விடு."

அந்தக் கனிவைத்தான் அப்பாவால் தாங்க முடியவில்லை. உள்ளே போய்ப் பாராங் கத்தியோடு வந்தார். அம்மா கையைப் பிடித்தார், அப்பா உதறினார். மரத்தை அடியோடு வெட்டிச் சாய்த்தார். தெரு முழுக்கக் கறிவேப்பிலை வாசனை. சமையலறை வாசலில் நின்ற மரியா அத்தை, "அது என்னண்ணே பண்ணுச்சு?" என்றார்.

"இனிமே இங்க இருந்து எதுவும் அங்க வராது" என்றார் அப்பா.

அடுத்த மாதம் மாமா தன் வாசல் முழுக்கச் சிமெண்ட் போட்டார். அப்பாவும் போட்டார், மழைத் தண்ணீர் அந்தப் பக்கம் வடிவது போல ஒரு சாண் உயர்த்தி. கம்பி வேலி போய்ச் சுவர் வந்தது. அதன் பிறகு ஒரு வார்த்தை கிடையாது.

அப்பா இறந்த அன்று மாமா வந்தார். வெள்ளைச் சட்டையில், எங்கள் கேட்டுக்கு வெளியே, சாலையில் நின்றார். அம்மா அழுதுகொண்டே போய், "உள்ள வாங்கண்ணே" என்றார்.

"அவன் கூப்பிடலயேம்மா."

சவ வண்டி புறப்படும் வரை வெயிலில் அப்படியே நின்றார். எனக்கு அவர்மேல் அன்று வந்த கோபம் இன்றும் தீரவில்லை. அப்பாமேல் அதைவிட அதிகம்.

தோட்டம் போய்விட்டது. மரியா அத்தையும் போய்விட்டார். மாமாவை மகள் சிங்கப்பூருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இரண்டு வீடும் கைமாறி, அந்த வரிசை முழுக்க இப்போது சிமெண்டும் காரும்தான். நான் கறிவேப்பிலையைப் பிளாஸ்டிக் பையில் வாங்குகிறேன்.

இங்கே செனாயில் என் பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. காலையில் கார் போகும், இரவில் வரும். அன்று தொட்டியிலிருந்து பிடுங்கிய கோரைக் கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு வேலிக்கு அந்தப் பக்கம் அவர்கள் புல்லில் வீசினேன். வேண்டுமென்றேதான்.

நேற்றுப் பார்த்தேன், நன்றாக முளைத்திருக்கிறது. சண்டைக்கு இதுவரை யாரும் வரவில்லை.