ஞாயிறு ஆறு மணி ஒப்படைப்பு

வாடகைக் கார் நிறுவனத்தில், திரும்பி வரும் வண்டிகளைச் சுற்றிவந்து கீறல் பார்ப்பதுதான் அவருக்குப் பதினாறு வருட வேலை. விவாகரத்தாகி, மகள் சனி ஞாயிறு அவரிடம், ஞாயிறு மாலை ஆறு மணியிலிருந்து தாயிடம் என்று முடிவானதும், அந்தத் திறமையை வீட்டுக்கும் கொண்டுவந்தார். கீறல் குறிக்கும் நிறுவனப் படிவத்தில் வண்டிப் படத்தை எடுத்துவிட்டுக் குழந்தைப் படம் போட்டார். ஒவ்வொரு ஒப்படைப்பிலும் காயங்களைக் குறித்து இருவரும் கையெழுத்திட வேண்டும். ஒருவர் பொறுப்பில் மாதம் ஐந்து காயம் சேர்ந்தால் அவருக்கு மகளோடு இருக்கும் ஒரு நாள் பறிபோகும். மருந்துக்கடை வைத்திருக்கும் அம்மாக்காரியும் சளைத்தவள் அல்ல; கொசுக்கடியைக்கூட விடமாட்டாள்.

ஏழு வயது மகள் ஓடுவதையே விட்டுவிட்டாள்.

அந்த மாதம் அவர் பங்கில் ஏற்கெனவே நான்கு. ஞாயிறு மாலை காரிலிருந்து இறங்கி அம்மா வீட்டுக் கேட்டை நோக்கி நடந்தவள், பாதி வழியில் தடுக்கி விழுந்தாள். முழங்கால் கிழிந்து ரத்தம் வழிந்தது. பெற்றவர்கள் இருவரும் பதறிப்போய்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

"இன்னும் ஆறு ஆகல. உங்க தலையிலதான் விடியுது!"

"கார விட்டு இறங்கிட்டாள்ல? இனி உன் பாடு."

"கேட்டுக்குள்ள காலே வைக்கலையே, துரை!"

மகள் கவுனால் முழங்காலை அழுத்திக்கொண்டாள். "சண்டை வேணாம்மா. அப்பா, என் டைம்ல விழுந்தேன்னு எழுதிக்கோங்க."

அவர் நெகிழ்ந்துபோனார். உடனே படிவத்தில் அப்பா, அம்மா கட்டங்களுக்குக் கீழே, மூன்றாவதாக மகளுக்கும் ஒரு கட்டம் வரைந்தார். பிரிந்த பிறகு முதன்முறையாக இருவரும் மறுபேச்சில்லாமல் ஒத்துப்போய்க் கையெழுத்திட்டு, பேனாவை அவளிடம் நீட்டினார்கள்.