இத்தா முடிந்த நாள்

அத்தாவை அடக்கம் செய்துவிட்டு ஆண்கள் திரும்பி வருவதற்குள் அம்மாவுக்கு வெள்ளைப் புடவை கட்டி உள்ளறையில் உட்கார வைத்துவிட்டார்கள். கணவனைப் பறிகொடுத்தவள் நாலு மாதம் பத்து நாள் இத்தா இருக்க வேண்டும். வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது, அந்நிய ஆண்கள் கண்ணில் படக்கூடாது. இதெல்லாம் தெரியாதவள் இல்லை நான். ஆனால் என் அம்மாவுக்கும் அது வரும் என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

அம்மாவுக்கு வீட்டில் கால் தரிக்காது. தினமும் சாயங்காலம் அசர் தொழுததும் அத்தாவோடு மஞ்சக்குப்பம் மைதானத்துக்கு நடக்கப் போவார். நடப்பது பேருக்குத்தான். போகிறவர் வருகிறவர் எல்லோரிடமும் நின்று நின்று பேசுவார். "உன் காலு நிக்குது, நாக்குதான் வாக்கிங் போவுது" என்பார் அத்தா. ஒரு நாள் காலையில் பல் துலக்கப் போன அத்தா குழாயடியிலேயே சரிந்தார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது, மவுத்தாகிவிட்டார்.

எனக்கு வேலையும் குடியிருப்பும் அண்ணாமலை நகரில். வீட்டுக்கு ஒரே பிள்ளை. சனிக்கிழமைதோறும் சிதம்பரத்தில் பஸ் ஏறிக் கடலூர் வருவேன். எப்போது வந்தாலும் அந்த அறை இருட்டாகவே இருக்கும். தெருப்பக்கத்து ஜன்னலைக்கூடச் சாத்தியிருந்தார்கள். அறை வாசலில் காவலுக்கு உட்கார்ந்ததுபோல் மாமி, அத்தாவின் தங்கை. என் ஆத்திரமெல்லாம் அவர்மேல் திரும்பியது. அண்ணன் செத்ததற்கு அண்ணியைச் சிறை வைக்கிறார் என்றே நினைத்தேன்.

துக்கம் கேட்க வந்த பெண்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. அழுது முடித்த கையோடு, "உனக்கு இன்னும் புள்ள இல்லையாம்மா?" என்று என்னைக் குடைவார்கள். அத்தாவுக்காக அழக்கூட எனக்கு நேரம் கிடைக்கவில்லை. சண்டை போடுவதற்கே சரியாக இருந்தது.

மூன்றாம் மாதம் அம்மாவின் கால் வீங்கியது. சர்க்கரை ஏறியிருக்கும் என்று பயந்துபோய் ஆட்டோவைக் கூட்டிவந்து வாசலில் நிறுத்தினேன்.

"உங்க கட்டுப்பாட்டுக்கு எங்கம்மாவையும் சாகக் குடுக்கணுமா மாமி?" என்று கத்தியேவிட்டேன்.

மாமி எழுந்து வழி விட்டார். "கூட்டிட்டுப் போம்மா. ஒடம்பு முடியலன்னா டாக்டர்கிட்ட போலாம்னு பள்ளிவாசல் ஹஜ்ரத்தே சொல்லிட்டாரு. நானும் கெஞ்சிக் கெஞ்சிப் பாத்துட்டேன். உங்கம்மாதான் மாட்டேங்குறாங்க."

ஜன்னலைச் சாத்தச் சொன்னதும் அம்மாதானாம். ஆட்டோவைத் திருப்பி அனுப்பிவிட்டு ஒரு லேடி டாக்டரை வீட்டுக்கே வரவழைத்தேன். அம்மா காலை நீட்டினார், கேட்டதற்குத் தலையாட்டினார், அவ்வளவுதான்.

சரி, நாள் முடியட்டும், என்னோடு கூட்டிப்போய்விட்டால் பழையபடி ஆகிவிடுவார் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். குவார்ட்டர்ஸில் ஓர் அறையை ஒழித்துவைத்தேன். அக்கம்பக்கத்தில் பேச்சுத்துணைக்கு யார் யார் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்த்துவைத்தேன்.

இத்தா முடிந்த அன்று காலையிலேயே சொந்தக்காரர்கள் புதுப்புடவைகளோடு வந்து இறங்கிவிட்டார்கள். அடுப்படியில் நெய்ச்சோறு வெந்துகொண்டிருந்தது. குளித்து வந்த அம்மாவுக்கு மாமி இளநீலப் புடவை ஒன்றைக் கொடுத்தார். அம்மா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தவர், உட்கார்ந்தே இருந்தார். வெளியே கூட்டம் காத்திருந்தது. அவரை அழைத்துவர என்னை உள்ளே அனுப்பினார்கள்.

"எழுந்திரும்மா. எல்லாம் முடிஞ்சிடுச்சு," என்றேன்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இத்தினி நாளும் அவுருக்காக உக்காந்திருந்தேன். அவுரு பொஞ்சாதியா இருந்தேன். இன்னிக்கித்தான் புள்ள, உங்க அத்தா மவுத்தாயிட்டாரு."

அத்தா போன அன்றுகூட அப்படி அழாதவர் வாய்விட்டுக் கதறினார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து, அத்தா போனதற்கு அன்றுதான் அழுதேன். மாமி வந்து எங்கள் இருவரையும் பார்த்தார். கதவைச் சாத்திவிட்டு, வெளியே இருந்தவர்களைச் சாப்பிட உட்காரச் சொன்னார்.