எல்லோரும் நல்லதாகவே எழுதியிருந்தார்கள்

சில வருடங்களுக்கு முன்பு, நான் மருத்துவப் படிப்பின் இறுதியாண்டில் இருந்தபோது நடந்தது இது. கல்லூரியின் பெயர் வேண்டாமே. எங்கள் வீடு கடலூர் பக்கம் செம்மங்குப்பத்தில். அப்பாவுக்கு அங்கே ஒரு கெமிக்கல் கம்பெனியில் வேலை. லீவு முடிந்து சிதம்பரம் பஸ் ஏறினால், பக்கத்து சீட்டு அம்மாக்கள் நான் டாக்டருக்குப் படிப்பது தெரிந்ததும் முழங்கால் வலியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். நானும் பெரிய மனுஷி மாதிரி தலையாட்டிக் கேட்பேன். எங்கள் குடும்பத்தின் முதல் டாக்டர் அல்லவா, அந்த மிதப்பு.

எங்களுக்கு ஒவ்வொரு வார்டிலும் சில வாரங்கள் பயிற்சி இருக்கும். அது முடிகிற நாளில் லாக்புக் என்கிற பயிற்சிக் குறிப்பேட்டைத் தூக்கிக்கொண்டு டாக்டர் அறை வாசலில் வரிசையில் நிற்போம். அவர் கையெழுத்துப் போட்டு, எங்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஏதாவது எழுதித் தருவார். எனக்கு எந்த வார்டிலும் ஒரே மாதிரிதான் வரும். நல்ல பெண், பணிவானவள், உதவும் குணம் உள்ளவள். படித்துவிட்டு ஒரு சுற்றுப் பருத்துத்தான் வெளியே வருவேன்.

என் ரூம்மேட் சிதம்பரம் பக்கத்துக் கிள்ளை ஊர்க்காரி. வாய் ஜாஸ்தி. அவளுக்கு எழுதுவதெல்லாம் அர்ச்சனைதான். "அவசரப்படுகிறாள். மண்ணீரல் வீங்கியிருந்ததைத் தவறவிட்டாள். காட்டிக்கொடுத்த பிறகு திரும்பத் தொட்டுப் பார்த்துச் சரியாகச் சொன்னாள்" என்கிற ரீதியில் பக்கம் நிறைய இருக்கும். பாவம் என்று கேன்டீனில் டீ வாங்கிக் கொடுத்து அவளைத் தேற்றுவேன்.

எங்களுக்குச் சமூக மருத்துவம் எடுத்த சாருக்குக் கம்ப்யூட்டர் பைத்தியம். பழைய பேட்ச் மாணவர்களின் லாக்புக் குறிப்புகளைப் பெயர் இல்லாமல் வாங்கி, அவர்களுடைய பரீட்சை முடிவுகளோடு சேர்த்து ஒரு ப்ரோக்ராமுக்குக் கொடுத்திருந்தார். டாக்டர்கள் எழுதுகிற வார்த்தைகளை வைத்தே யார் பரீட்சையில் சறுக்குவார்கள் என்று முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்பது அவருடைய ஆராய்ச்சி. எங்கள் பேட்சிலும் விருப்பமுள்ளவர்கள் லாக்புக்கைக் கொடுக்கலாம், முடிவை அவரவருக்கு மட்டும் சொல்வேன் என்றார். எனக்குச் சின்ன வயதிலிருந்தே எதையும் குடைந்து பார்க்கிற புத்தி. முதல் ஆளாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ரூம்மேட்டையும் கொடுக்க வைத்தேன்.

முடிவு வந்தது. கிள்ளைக்காரிக்குக் கவலையில்லை. எனக்குத்தான் உதவி தேவை, செய்முறைத் தேர்வில் சறுக்கலாம்!

எனக்கு வந்ததே கோபம். தேர்வுக்குச் சில வாரங்கள்தான் இருந்தன. அதில் தோற்றால் பேட்ச் முழுக்க ஹவுஸ் சர்ஜனாகப் போய்விடும், நான் மட்டும் ஆறு மாதம் அதே பெஞ்சில் உட்கார வேண்டும். அப்பா வேறு கம்பெனி முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். எழுத்துத் தேர்வில் எப்போதும் நல்ல மார்க் வாங்குகிற என்னையா இந்த டப்பா இப்படிச் சொல்கிறது என்று நேராக சாரிடமே போய் நின்றேன்.

அவர் சிரித்தார். "மெஷினுக்கு உன்னைத் தெரியாதும்மா. உன்னைப் பத்தி எழுதினது மட்டும்தான் தெரியும். முன்னாடி இந்த மாதிரி எழுத்து வாங்கினவுங்க எப்படிப் பண்ணாங்கன்னு பார்த்துச் சொல்லுது. தப்பாவும் இருக்கலாம். ஆனா ஏன் அப்படிச் சொல்லுதுன்னு நீயே தேடிப் பாரேன்."

அவ்வளவு போதாதா எனக்கு? அன்று மாலையே இரண்டு லாக்புக்கையும் கட்டிலில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ரூம்மேட் என்னுடையதை வாங்கிச் சத்தமாகப் படித்தாள். பிறகு தன்னுடையதையும் எடுத்துப் பக்கம் பக்கமாக ஒப்பிட்டுப் பார்த்தாள்.

"ஏண்டி, இதுல பேஷண்ட்டே இல்லையேடி" என்றாள்.

உண்மைதான். அவளுடைய பக்கங்களில் நோயாளிகள் இருந்தார்கள், வயிறு இருந்தது, மண்ணீரல் இருந்தது, அவள் செய்த தப்பு இருந்தது. என்னுடையதில் நான் மட்டும் நல்ல பெண்ணாக நின்றுகொண்டிருந்தேன்.

இருந்தாலும் மனது ஒப்பவில்லை. என்னை ஆகா ஓகோவென்று எழுதியிருந்த சர்ஜரி டாக்டரைப் போய்ப் பார்த்தேன். நான் பார்த்த கேஸ் ஏதாவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் யோசித்தார். முகம் மலர்ந்தது. "நீ அந்த ஸ்க்ரீன் இழுத்துவிடுற பொண்ணுதானே? நல்ல பொண்ணாச்சே!" என்றார்.

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஆமாம், அதுதான் நான். நோயாளியைப் பரிசோதிக்கும் நேரம் வந்தால் கட்டிலைச் சுற்றி ஸ்க்ரீனை இழுத்துவிடுவது, டார்ச் எடுத்துக் கொடுப்பது, பி.பி. மெஷினுக்கு ஓடுவது எல்லாம் நான்தான். எல்லாருக்கும் என்னைப் பிடிக்கும். ஆனால் நோயாளி மேல் கை வைக்கப் பயம். தப்பாகச் சொல்லி எல்லார் முன்னாலும் திட்டு வாங்கப் பயம். அந்தப் பயத்தை ஓடியாடி வேலை செய்தே மறைத்திருக்கிறேன், என்னிடமிருந்தே.

அங்கேயே அழுகை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "சார், நாளைக்கு ஒரு கேஸ் நான் பார்க்கிறேன். கூட நின்னு பார்த்து, பார்த்ததை அப்படியே எழுதுங்க சார்" என்றேன். அவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

மறுநாள் காலை ஸ்க்ரீனை இழுத்துவிட்டது என் ரூம்மேட். கட்டிலில் மீன் விற்கிற ஒரு அம்மா. வயிற்று வலி. இந்தப் பெண் பரிசோதிக்கலாமா என்று சர்ஜரி சார் கேட்டதற்கு, "பார்க்கட்டும் சார், படிக்கிற புள்ளதானே" என்று சம்மதித்தார். எங்கே வலிக்கிறது என்று கேட்கக்கூடத் தோன்றாமல் நேராக வலிக்கிற இடத்திலேயே கையை வைத்து அழுத்திவிட்டேன். அந்த அம்மா துள்ளிவிட்டார்.

"என்னா பாப்பா, கை இவ்ளோ ஜில்லுன்னு இருக்குது! தேய்ச்சிக்கினு வை. என் மூஞ்சப் பார்த்துக்கினே அழுத்து, வலிச்சா தெரியும்ல."

உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு மறுபடி வைத்தேன். கல்லீரலின் விளிம்பு தட்டுப்படவே இல்லை. சார் என் கையைப் பிடித்து நகர்த்தி வைத்தார். அந்த அம்மாவை மூச்சை இழுத்துவிடச் சொன்னார். அப்போது விரலில் வந்து தட்டியது! நாலு வருடத்துக்கு மேலாகப் புத்தகத்தில் படித்ததை அன்றைக்குத்தான் தொட்டேன்.

லாக்புக்கில் சார் அரைப் பக்கம் எழுதினார். வலிக்கும் இடத்தைக் கேட்கவில்லை, கை சில்லிட்டிருந்தது, நோயாளியின் முகத்தைப் பார்க்கவில்லை, கல்லீரல் தெரியவில்லை, நகர்த்தி வைத்ததும் கண்டுபிடித்தாள். ஒரு நல்ல வார்த்தை கிடையாது. ஆனால் அதில் நோயாளி இருந்தார். என் கையும் இருந்தது. ரூம்மேட் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பாடா, இப்பதான்டி உருப்படியா திட்டு வாங்கியிருக்க" என்று டீ வாங்கிக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு தினமும் வார்டில்தான் கிடந்தேன். தினமும் திட்டு. ரூம்மேட்டின் வயிற்றைக்கூட விடவில்லை. தேர்வன்று எனக்கு வந்ததும் வயிற்றுக் கேஸ்தான். கையைத் தேய்த்துச் சூடாக்கி, எங்கே வலிக்கிறது என்று கேட்டு, அந்தப் பெரியவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வைத்தேன். தேறிவிட்டேன். இனிப்போடு போய்ச் சமூக மருத்துவ சாரிடம், உங்கள் மெஷின் சொன்னது தப்பாகிவிட்டது என்றேன். "அது சொல்லலைன்னா தப்பாகியிருக்குமா?" என்று கேட்டுக்கொண்டே லட்டை வாயில் போட்டுக்கொண்டார்.

இப்போது கடலூரில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். பயிற்சிக்கு வருகிறவர்களின் லாக்புக்கில் எழுதுவது இப்போது என் முறை. போன மாதம்கூட ஒரு பெண், ஸ்க்ரீனை அழகாக இழுத்துவிட்டு அதற்கு வெளியே போய் நின்றுகொண்டாள். நல்ல பெண் என்று எழுதப் பேனா தானாகவே போனது. மூடி வைத்துவிட்டு, "உள்ள வாம்மா, கையத் தேய்ச்சிக்க" என்று கூப்பிட்டேன். ஒருவரைப் பற்றி எனக்கு நல்ல வார்த்தை மட்டுமே தோன்றினால், அவரை நான் இன்னும் பார்க்கவே இல்லை என்றுதான் இப்போதெல்லாம் எனக்குச் சந்தேகம் வருகிறது.