நகர்த்தாத கோடு

பிரஷாந்தியின் வேலையைக் கேட்டால் நம் ஆட்களுக்குச் சிரிப்புதான் வரும். பினாங்குத் தீவின் சுங்கை பினாங் அடுக்குமாடியில் கணினி முன்னால் உட்கார்ந்து, யாரும் பார்த்திராத ஒன்றைத் தேடுகிறவள் அவள். ஐரோப்பாவில் பூமிக்கு அடியில் புரோட்டான்களை மோதவிடுகிறார்கள். தெறித்ததையெல்லாம் கூட்டும்போது ஒரு பக்கம் குறைந்தால், கண்ணுக்குத் தெரியாத ஏதோ நழுவியிருக்கிறது என்று அர்த்தம். அது மீச்சீர்மைக் கோட்பாடு சொல்லும் புதுத் துகளாக, அண்டமெங்கும் நிறைந்த கரும்பொருளாக இருக்கலாம். இருக்கலாம், அவ்வளவுதான். சாதாரணத் துகள்களும் அப்படி நழுவும். ஆகவே வழக்கமாக எவ்வளவு நழுவும் என்று கணக்குப் போட்டு, அதற்கு மேல் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

அதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. எங்கே கோடு போட்டு எதை எண்ணுவது என்று முடிவாகும்வரை, எண்ண வேண்டிய பகுதியை மூடியே வைப்பார்கள். ஆசை கண்ணை மறைத்துவிடும் அல்லவா? திறந்த பிறகு கோட்டைத் தொடக் கூடாது.

திறந்தார்கள். கணக்கு சொன்ன அளவுதான் இருந்தது. புதிதாக ஒன்றுமில்லை.

அவளுடைய முனைவர் பட்ட ஆய்வின் மேற்பார்வையாளர் டாக்டர் சந்திரசேகரனுக்கு முகம் சுண்டிப்போனது. பினாங்கிலிருந்து பெரிய செய்தி வருகிறது என்று பத்திரிகைக்காரரிடம் முன்கூட்டியே உளறிவைத்த மனுஷன். அத்தனை படித்தும் வாயைக் கட்டத் தெரியாதவர்.

"கோட்ட கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளேன்மா. ஒரு மேடு தெரியுது பாரு."

"தள்ளிக்கிட்டே போனா மேடு என்ன, நம்ம தண்ணீர்மலையே தெரியும் சார்."

"கிண்டல் வேணாம்லா. ஒன் உதவித்தொகைய நீட்டிக்க நாந்தான் கையெழுத்துப் போடணும்."

"தெரியும் சார். கோடு எங்க இருந்துச்சுன்னும் தெரியும்."

அவரே வரைபடத்தில் கோட்டைத் தள்ளி, மேட்டுக்குச் சிவப்பு வர்ணம் பூசி, ஆய்வுக் குழுவின் இணையக் கூட்டத்தில் காட்டச் சொல்லி அனுப்பினார். பிரஷாந்தி அதைப் பார்த்தாள். தைப்பூசத்தில் அருள் வராமலே ஆடுகிறவனைப் பார்ப்பது போல இருந்தது அவளுக்கு.

கூட்டத்தில் பழைய படத்தையே காட்டினாள். "நாங்க தேடின இடத்துல அந்தத் துகள் இல்ல" என்றாள். இன்னொரு படம் இருப்பதையும், அது திறந்த பிறகு வரையப்பட்டது என்பதையும் ஒளிக்காமல் சொன்னாள். சந்திரசேகரன் தன் முகம் தெரியாதபடி கேமராவை அணைத்துவிட்டார்.

கையெழுத்து வரவில்லை. படிப்பைப் பாதியில் விட்டு சிம்பாங் அம்பாட் ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். "இல்லன்னு சொல்லவா இத்தன வருஷம் படிச்ச?" என்று அம்மா யோகலட்சுமி கேட்டபோது, "ஆமாம்மா, அதச் சொல்லவும் ஆளு வேணும்ல" என்றாள்.

'இல்லை' என்ற முடிவோடு கட்டுரை அச்சில் வந்தது. குழுவில் இருக்கும் அத்தனை பேர் பெயரையும் போடுவது அங்கே வழக்கம். அதில், கோட்டைத் தள்ளச் சொன்ன சந்திரசேகரன் பெயரும் இருந்தது. போன படிப்புக்கு வருந்தாதவளுக்கு, அந்தப் பெயரைப் பார்த்த அன்றுதான் சோறு இறங்கவில்லை.