மூன்றுக்கு மேல் திரும்பாத குமிழ்

வேலைக்கு வந்த ஹீட்டரின் மூடியைக் கழற்றும் முன்பே திட்ட ஆரம்பித்துவிடுவாள். "ஆன், ஆஃப். நடுவுல ஒண்ணுமே கிடையாதா? ஒண்ணு குளிர்ல சாவணும், இல்ல வெந்து சாவணுமா? உன்னச் செஞ்சவன் என் கையில கிடைக்கட்டும்!" ஹீட்டருக்குக் காது இல்லை என்பதெல்லாம் அவளுக்குப் பொருட்டே இல்லை. சந்தில் அவள் பெயர் பட்டாசு அக்கா.

இஸ்திரிப் பெட்டியோ அடுப்போ, சூட்டைக் கூட்டிக் குறைக்க ரெகுலேட்டர் வைத்துக் கொடுப்பது அவள் தொழில். வேலை முடிந்ததும் மணிக்கட்டின் உள்பக்கத்தை அருகே நீட்டி இருபது எண்ணுவாள். அதற்குள் கை பின்வாங்கினால் மறுபடியும் மூடியைத் திறப்பாள். யாராவது சூட்டை அளக்க மீட்டர் வாங்கச் சொன்னால் போச்சு. "மீட்டருக்குச் சுடுமாய்யா?"

நேற்று அந்தக் கோபம் அப்பா வீட்டுக்குள் நுழைந்தது. சர்க்கரை நோயில் அவருக்குப் பாதம் மரத்து நாலு வருஷமாகிறது. குளிருக்காக அண்ணன் வாங்கி வைத்த ரூம் ஹீட்டருக்கு எதிரே காலை நீட்டித் தூங்கியவரின் குதிகாலில் கொப்புளம். அண்ணி சொன்ன பிறகுதான் அவருக்கே தெரியும். அண்ணன் பதறிப்போய், பழைய மின்விசிறியின் ரெகுலேட்டரைப் பிடுங்கி ஹீட்டரில் மாட்டியிருக்கிறார். பத்தே நிமிஷத்தில் அது உருகி வீடே நாறியது.

"ஃபேன் எழுபது வாட்ஸ். இது ஆயிரம். ஆட்டுக்குட்டி முதுகுல அரிசி மூட்டைய ஏத்தியிருக்கியே அண்ணே! என்னக் கூப்பிட வாய் வலிச்சுதா?"

"உனக்கு எதுக்குத் தொந்தரவுன்னு..."

"தொந்தரவா! அப்பா கால வேக வச்சிட்டு எனக்குத் தொந்தரவா?"

உருகிப்போனதைக் கழற்றி எறிந்தாள். போன மாதமே இந்த ஹீட்டரைப் பார்த்திருந்தாள். ரெகுலேட்டர் அப்புறம் வைக்கலாம் என்று விட்டுவிட்டாள். ஊரார் இஸ்திரிப் பெட்டிக்கெல்லாம் நேரம் இருந்தது. அண்ணனைத் திட்டத் திட்டத் தன் மேலிருந்த கோபம் கூடியதே தவிர அடங்கவில்லை.

ஆயிரம் வாட்டைத் தாங்கும் ரெகுலேட்டரைப் பொருத்தினாள். குமிழைச் சுற்றி ஐந்து எண்கள். மூன்றை ஒட்டித் துளை போட்டு ஒரு திருகை இறக்கினாள். குமிழ் அதில் இடித்து நின்றது.

"அஞ்சு வரைக்கும் இருக்கேம்மா," என்றார் அப்பா.

"இருக்கட்டும். அழகுக்கு."

மூன்றில் வைத்து ஓடவிட்டாள். இந்த முறை மணிக்கட்டை நீட்டவில்லை. அப்பாவின் நாற்காலியைத் தள்ளிவிட்டு, அவர் கால் இருந்த இடத்தில் தன் வெறுங்காலை நீட்டித் தரையில் உட்கார்ந்தாள். இருபது தாண்டியும் எண்ணிக்கொண்டே இருந்தாள்.